மீண்டும் திறந்த வழு: ஓப்பன்எஸ்எஸ்எச் பாதுகாப்புக் குறைபாடும் (2006–2024) சென்னை மேற்குப் புறநகரின் சேவையகங்களும்

ஆய்வுச்சுருக்கம்

2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஓப்பன்எஸ்எஸ்எச் சேவை நிரலில் தொலைவிலிருந்தே தாக்கத்தக்க ஒரு வழு இருப்பதை அறிவித்தனர். அது புதிய வழு அன்று. 2006-இல் கண்டறிந்து மூடப்பட்டது, 2020-இல் ஒரு திருத்தத்தின்போது தவறுதலாக மீண்டும் திறந்துகொண்டது. யூனிக்ஸ் வலைப்பணிகளின் பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு எதிர்வினையாற்றும் முறை 1988 முதல் வளர்ந்த வரலாற்றின் பின்னணியில் அவ்வழுவை இக்கட்டுரை வைத்து நோக்குகிறது. தரவு மையங்களும் சிறு தொழிற்கூடங்களும் அருகருகே இயங்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அவ்வெதிர்வினையின் பொறுப்பு யாரிடம் வந்து சேர்கிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: யூனிக்ஸ், ஓப்பன்எஸ்எஸ்எச், பாதுகாப்பு வழு, பராமரிப்பு வரலாறு, செர்ட்-இன், அம்பத்தூர்

முன்னுரை

தமிழில் எழுதப்பட்டுள்ள கணினி வரலாறு பெரும்பாலும் எழுத்துரு, குறியாக்கம், விசைப்பலகை, ஒருங்குறி ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளது. மொழி சார்ந்த ஆய்வுப்புலத்தில் அது இயல்பே. ஆயினும் அவ்வெழுத்துகளைத் தாங்கி நிற்கும் சேவையகங்களை அன்றாடம் யார் காக்கின்றனர், ஒரு குறை தெரியவந்தால் முதல் சில மணி நேரத்தில் என்ன நிகழ்கிறது, யாருக்கு எந்தச் செய்தி எவ்வழியாகச் சென்றடைகிறது என்னும் பராமரிப்பு வரலாறு நம்மிடையே போதிய கவனம் பெறவில்லை. புதிதாக ஒன்றை ஆக்கியவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஆக்கியதைப் பழுதுபார்த்தவரின் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை.

‘தொலைவிலிருந்து தாக்கத்தக்க வழு’ என்பது, கணினியின் முன் அமராமலும் அதில் கணக்கு எதுவும் வைத்திராமலும், வலையமைப்பின் வழியே சில தரவுகளை அனுப்பியே அக்கணினியைக் கைப்பற்ற இடம் தரும் குறை. சேவை நிரல் எப்போதும் விழித்திருந்து வருவோரை வரவேற்பதற்காக எழுதப்பட்டது. அந்த வரவேற்பே வழியாகிவிடுவதுதான் இவ்வகைக் குறைகளின் பொதுத்தன்மை.

1988: முதற்பாடம்

1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் இராபர்ட் டப்பன் மோரிஸ் வெளியிட்ட புழு நிரல், பி.எஸ்.டி. வகை யூனிக்ஸ் இயங்கிய கணினிகளில் பரவியது. அது கையாண்ட வழிகளுள் ஒன்று ‘ஃபிங்கர்’ என்னும் எளிய சேவை. ஒரு கணினியில் யார் யார் பணியில் உள்ளனர் என்பதைச் சொல்லும் அச்சேவை, வரும் கேள்வியை 512 பைட்டு கொண்ட இடைநினைவகத்தில் வாங்கிக்கொண்டது. வரும் கேள்வியின் நீளத்தை அது அளந்து பார்க்கவில்லை. நீளமான கேள்வி வந்தபோது இடைநினைவகம் நிரம்பி வழிந்து, அடுத்திருந்த நினைவகப் பகுதியில் புழுவின் கட்டளைகள் அமர்ந்தன. மின்னஞ்சல் சேவையான ‘சென்ட்மெயில்’ நிரலில் சோதனைக்காக விடப்பட்டிருந்த ஒரு வசதியும், பயனர்களின் எளிய கடவுச்சொற்களும் மற்ற வழிகளாயின. சுமார் 60,000 கணினிகளைக் கொண்டிருந்த அன்றைய இணையத்தில் 6,000 வரை பாதிக்கப்பட்டன என்னும் மதிப்பீடு பரவலாக எடுத்தாளப்படுகிறது. அது எண்ணிக் கண்ட எண்ணன்று, ஊகக் கணக்கே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பாதிப்பைவிட எதிர்வினையே இங்கு முக்கியம். பெர்க்லியிலிருந்து கீத் பாஸ்டிக் மறுநாளே திருத்தங்களை வெளியிட்டார். ஆனால் அச்சம் காரணமாகப் பல நிறுவனங்கள் வலையமைப்பிலிருந்து தம்மைத் துண்டித்துக்கொண்டிருந்தன. திருத்தம் வரவேண்டிய வழியும் அதே வலையமைப்புத்தான். நோய்க்கு அஞ்சிக் கதவை அடைத்தவர் வீட்டுக்குள் மருந்தும் நுழைய முடியாமற்போனது. எந்தத் தொலைபேசி எண்ணை அழைப்பது, யார் சொல்வதை நம்புவது என்பதற்கு ஏற்பாடு ஏதுமில்லை. இந்தக் குழப்பத்தின் நேரடி விளைவாகவே சில வாரங்களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ‘செர்ட்’ ஒருங்கிணைப்பு மையம் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பரில் அது வெளியிட்ட முதல் அறிவுரையும் கோப்புப் பரிமாற்றச் சேவையான ‘எஃப்டிபி’ நிரலின் குறையைப் பற்றியதே.

அக்காலத்தில் இந்தியா இந்நிகழ்வுக்கு வெளியே இருந்தது. 1986-இல் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் தொடங்கிய ‘எர்நெட்’ திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் பங்கேற்றன. அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மின்னஞ்சல், ‘யுயுசிபி’ முறையில், தொலைபேசி அழைப்பின் வழியே சேமித்து அனுப்பப்பட்டது. கடிதம் போல நின்று நின்று செல்லும் அவ்விணைப்பில், நேரிணைப்பை நம்பிய புழு ஊர்ந்துவர இடமில்லை. பின்தங்கியிருந்தமையே அன்று காப்பாக அமைந்தது எனலாம். இத்தகைய முரண் 2024-இல் வேறு வடிவில் திரும்பி வருகிறது.

பூட்டின் வரலாறு

1995-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட ஒரு நிகழ்வுக்குப் பின், தாத்து யுலோனன் ‘எஸ்எஸ்எச்’ நெறிமுறையை வடிவமைத்தார். 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அதன் கட்டற்ற வடிவமாக ஓப்பன்எஸ்எஸ்எச் நிரலை வெளியிட்டனர். இன்று லினக்ஸ் சேவையகங்களைத் தொலைவிலிருந்து நிர்வகிப்போர் பெரும்பாலும் இதன் வழியாகவே உள்ளே நுழைகின்றனர். ஏனைய சேவைகளைக் காக்கும் பூட்டாகக் கருதப்படும் ஒன்றில் குறை ஏற்படுவது, சாளரத்தில் குறை ஏற்படுவதைப் போன்றதன்று.

அச்சேவையில் ஒரு கால வரம்பு உண்டு. இணைப்பை ஏற்படுத்திய ஒருவர் இயல்நிலை அமைப்பின்படி 120 நொடிகளுக்குள் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும். தவறினால் இயங்குதளம் ஒரு சமிக்ஞையை எழுப்ப, நிரல் தான் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, ‘அடையாளம் காட்டும் முன் நேரம் முடிந்தது’ என்னும் குறிப்பைப் பதிவேட்டில் எழுதி இணைப்பை முடிக்கும். குறை இந்த எழுதும் செயலில்தான் இருந்தது. லினக்ஸில் வழங்கும் ‘ஜிலிப்சி’ நிரலகத்தின் பதிவு எழுதும் செயற்கூறு, எழுதுவதற்கு நினைவகத்தைக் கேட்டுப் பெறுகிறது. நிரல் ஏற்கெனவே நினைவகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த நடுக்கணத்தில் சமிக்ஞை வந்துவிட்டால், பாதி மாற்றப்பட்ட கணக்கின் மீது மற்றொரு கணக்கு எழுதப்படுகிறது. அக்கணத்தைத் துல்லியமாகக் குறிவைக்கும் தாக்குநர், உயர் அதிகாரம் கொண்ட ‘ரூட்’ நிலையில் தம் கட்டளையை இயக்கிவிட முடியும்.

2006-இல் மார்க் டவுட் இக்குறையைச் சுட்டிக்காட்டினார். சி.வி.இ. 2006-5051 என எண்ணிடப்பட்ட அதற்கு 4.4 பதிப்பில் தீர்வு செய்யப்பட்டது. பதிவு எழுதுதல் பாதுகாப்பானது என்று அறியப்பட்ட இயங்குதளங்களில் மட்டுமே சமிக்ஞையின் நடுவில் அச்செயல் நிகழுமாறு, நிரலில் ஒரு நிபந்தனை வரி காவலாக வைக்கப்பட்டது. டெபியன் வழங்கல் தன் பழைய பதிப்பில் இத்திருத்தத்தைப் பொருத்தியபோது அது சரியாக அமையவில்லை என்பது பின்னர்த் தெரியவந்து, 2008-இல் தனியாக மற்றோர் எண் பெற்றது. ஆக, திருத்தம் வெளியாவதும் அது ஒரு கணினியைச் சரியாகச் சென்றடைவதும் இரு வேறு நிகழ்வுகள் என்பது அப்போதே புலப்பட்டுவிட்டது.

2020 அக்டோபரில் பதிவு எழுதும் பகுதி சீரமைக்கப்பட்டது. அப்பணியின் ஊடே அந்தக் காவல் வரி நீங்கிவிட்டது. 2021 மார்ச்சில் வெளியான 8.5பி1 பதிப்பு முதல் பழைய வழு மீண்டும் உயிர் பெற்றது. மூன்றாண்டுகளுக்கும் மேலாக அது எவர் கண்ணிலும் படவில்லை. குவாலிஸ் ஆய்வாளர்கள் அதை வெளிக்கொணர்ந்தபோது சி.வி.இ. 2024-6387 என்னும் எண்ணும், ‘ரிக்ரெஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு எஸ்எஸ்எச் பெயரைப் பிணைத்த ஒரு சொல்விளையாட்டுப் பெயரும் அதற்கு வழங்கின.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறிப்பது பொருந்தும். அதே ஆண்டு மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்திய ‘எக்ஸ்இசட்’ விவகாரத்தில், இதே எஸ்எஸ்எச் சேவையை நோக்கி ஒருவர் திட்டமிட்டுப் பின்வாசல் அமைத்திருந்தார். அதைப் பற்றி உலகெங்கும் எழுதப்பட்டது, சதிக்கு எப்போதும் வாசகர் உண்டு. ஆனால் மூன்று மாதம் கழித்து வெளியானதில் வில்லன் இல்லை. எதற்காக வைக்கப்பட்டது என்பது மறந்துபோன ஒரு வரி அழிந்தது, அவ்வளவே. பராமரிப்பு வரலாற்றை ஆராய்வோருக்கு இரண்டாவதே கூடுதல் பயனுடையது. ஏனெனில் சதிகள் அரியவை, மறதி அன்றாடம் நிகழ்வது.

ஆறு மணி நேரமும் பத்தாயிரம் முயற்சியும்

குவாலிஸ் வெளியிட்ட அறிக்கை, தாக்குதல் எளிதன்று என்பதையும் ஒளிக்காமல் கூறியது. 32-பிட் அமைப்பில் சராசரியாக 10,000 முயற்சிகள் தேவைப்பட்டன. 120 நொடிக்கு 100 இணைப்புகள் என்ற கணக்கில், நினைவக முகவரியை ஊகிக்கும் தடையையும் சேர்த்து, வெற்றிக்கு 6 முதல் 8 மணி நேரம் ஆனது. 64-பிட் அமைப்பில் தாக்குதல் அறிவிப்பு நாளில் முழுமையாகச் செய்துகாட்டப்படவில்லை. மறுபுறம், இணையத்தை வருடும் தளங்களின் தரவுப்படி 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட சேவையகங்கள் பாதிக்கப்படும் வாய்ப்புள்ளவையாகக் கணிக்கப்பட்டன.

நிர்வாகிகள் முன் அன்று மூன்று வழிகள் இருந்தன. 9.8பி1 பதிப்புக்கு மாறலாம். தத்தம் லினக்ஸ் வழங்கல் தந்த திருத்தத்தைப் பொருத்தலாம். இரண்டும் உடனே இயலாதெனில் உள்நுழைவுக் கால வரம்பைச் சுழியமாக்கலாம். மூன்றாவது வழியில் சமிக்ஞையே எழாது, ஆகவே கைப்பற்றல் நிகழாது. ஆனால் அடையாளம் காட்டாத இணைப்புகள் முடிவின்றித் தொங்கி நின்று, உரியவரே உள்ளே வர முடியாதபடி வாயிலை அடைத்துவிடலாம். பறிபோவதைவிடப் பூட்டிக்கிடப்பது மேல் என்னும் தேர்வு அது.

எந்தக் கணினி பாதிக்கப்பட்டது என்று அறிவதும் எளிதாக இருக்கவில்லை. வழங்கல்கள் பொதுவாகப் பழைய பதிப்பெண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் உட்செலுத்துகின்றன. உபுண்டு 22.04 அமைப்பு திருத்தம் பெற்ற பின்னும் 8.9பி1 என்றே தன்னை அறிவித்துக்கொண்டது. டெபியன் 12 அமைப்பு 9.2பி1 என்றே நின்றது. பதிப்பெண்ணை மட்டும் நோக்கும் வருடல் கருவிக்கு இவை எல்லாம் ஆபத்தானவை. மேற்குறித்த 1 கோடியே 40 இலட்சம் என்ற எண்ணையும் இவ்வரம்பை மனத்திற்கொண்டே வாசிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான முரணும் உண்டு. 8.5பி1 பதிப்புக்கு முந்தியவை, 2006-இன் காவல் வரியைத் தாங்கியிருந்ததால், தப்பின. உபுண்டு 20.04, டெபியன் 11, ரெட்ஹேட் 8 ஆகியவை பாதிக்கப்படவில்லை. ஆதரவுக் காலம் 2024 ஜூன் 30 அன்று, அதாவது அறிவிப்புக்கு முதல் நாள், முடிவடைந்த சென்ட்ஓஎஸ் 7 அமைப்பும் 7.4பி1 பதிப்பையே கொண்டிருந்ததால் இவ்வழுவுக்கு இலக்காகவில்லை. காலத்தோடு மேம்படுத்தியவர் பாதிக்கப்பட, மேம்படுத்தாதவர் தப்பினார். இதைக் கொண்டு பழையதே பாதுகாப்பு என்று முடிவுகட்டுவது பெரும்பிழை. தப்பியவை வேறு பல குறைகளோடு திறந்தே கிடந்தன. ஆயினும் ‘புதுப்பித்துக்கொண்டே இருங்கள்’ என்னும் ஒற்றை அறிவுரை, நடந்ததை விளக்கப் போதாது.

அம்பத்தூரில் பொறுப்பு

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது. கடைசல், வார்ப்பு, மோட்டார் வாகன உதிரிபாகம் எனச் சிறு தொழிற்கூடங்களின் நிலமாக அறியப்பட்ட அது, 2000-க்குப் பின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களையும் அண்மையில் தரவு மையங்களையும் பெற்றது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ‘ஐ2ஐ’ கடலடி வடம் 2002-இல் இயங்கத் தொடங்கியதிலிருந்தே இந்நகரம் இணைய வாயில்களுள் ஒன்றாக வளர்ந்தது. என்டிடி நிறுவனத்தின் சென்னை 2 வளாகம் 2023-இலும், டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனத்தின் எம்ஏஏ10 தரவு மையம் 2024 ஜனவரியிலும் அம்பத்தூரில் திறக்கப்பட்டன. பின்னதன் வளாகம் 100 மெகாவாட் வரை விரியத் திட்டமிடப்பட்டது. அருகே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் போர் வாகன ஆய்வு நிறுவனமும் உள்ளன. பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் கிடங்குகளும் பணிமனைகளும் நீள்கின்றன.

வழு அறிவிக்கப்படும் நாளில் இந்த வட்டாரத்தில் எதிர்வினையாற்ற வேண்டியவர் யார் என்ற வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. இடத்தை வாடகைக்கு விடும் தரவு மையம் மின்சாரம், குளிரூட்டல், வலை இணைப்பு, வாயிற்காவல் ஆகியவற்றுக்கே பொறுப்பு. அடுக்கில் வைக்கப்பட்ட சேவையகத்தின் இயங்குதளம் வாடிக்கையாளருடையது. எத்தனை அடுக்குக் காவலைக் கடந்தே அக்கூடத்தில் நுழைய முடிந்தாலும், 22-ஆம் எண் துறைவாயிலைத் திறந்து வைப்பதும் மூடுவதும் வேறெங்கோ அமர்ந்திருப்பவரின் கையில் உள்ளது. பெருநிறுவனங்களில் அதற்கெனக் குழு உண்டு, பணிமுறை உண்டு. சிறு தொழிற்கூடத்தில் கணக்கு மென்பொருளையும் வரைபடக் கோப்புகளையும் தாங்கும் ஒற்றைச் சேவையகத்தை, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எப்போதாவது வந்து செல்லும் ஒருவரே பார்த்துக்கொள்ளும் நிலை இயல்பானது. அவர் வராத நாளில் பொறுப்பு யாரிடம் இருக்கிறது? ஒப்பந்தத் தாளில் இதற்கு இடம் இருப்பதில்லை.

ஏரிகள் நிறைந்த இவ்வட்டாரத்துக்குக் குடிமராமத்து என்னும் சொல் அந்நியமன்று. மதகும் கரையும் பயன்படுத்துவோரின் கூட்டு உழைப்பால் காக்கப்பட்ட அம்முறையை, 1858-இல் சென்னை மாகாண அரசு சட்டத்தால் கட்டாயப்படுத்த முயன்றது. வழக்கம் தளர்ந்த பின்னரே சட்டம் தேவைப்பட்டது என்பதை அதிலிருந்து உணரலாம். கட்டற்ற மென்பொருளும் ஒருவகையில் இத்தகைய பொதுச்சொத்தே. சிலர் பராமரிக்க, எண்ணற்றோர் பயன்கொள்கின்றனர். ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுவது தகாது. ஏரியின் உடைப்பு ஊரார் கண்ணுக்குத் தெரியும், சேவையகத்தின் உடைப்பு தெரியாது.

பதிவேடு என்னும் ஆவணம்

இந்தியாவில் ‘செர்ட்-இன்’ அமைப்பு 2004 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் 70பி பிரிவின் வழியே அதைத் தேசிய முகமையாக்கியது. 2022 ஏப்ரல் 28 அன்று அது பிறப்பித்த நெறிமுறைகள் மூன்று வகையில் கருதத்தக்கவை. இணையப் பாதுகாப்புச் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும். கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இவை நடைமுறைக்கு வரும் நாள் 2022 செப்டம்பர் 25 வரை தள்ளிவைக்கப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்கூடங்களுள் பெரும்பாலானவை இவ்வகையில் அடங்குபவை.

அறிவிக்கும் கடமை சம்பவத்துக்கு உரியது. வழுவை இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற கால வரம்பு அந்நெறிமுறைகளில் இல்லை. ஆகவே 2024 ஜூலையில் ஒரு சேவையகம் திருத்தப்படாமல் கிடந்ததனால் மட்டும் எவரும் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. அது தாக்கப்பட்டதை ‘கவனித்தால்’ மட்டுமே கடிகாரம் ஓடத் தொடங்கும். கவனிக்க ஒருவர் இல்லாத இடத்தில் ஆறு மணி நேரம் என்பது தொடங்காத காலம்.

கவனிப்பதற்கான சான்று பதிவேட்டிலேயே உள்ளது. இத்தாக்குதலுக்கு ஆயிரக்கணக்கான முயற்சிகள் தேவை, ஒவ்வொரு முயற்சியும் ‘அடையாளம் காட்டும் முன் நேரம் முடிந்தது’ என்னும் வரியை விட்டுச்செல்லக்கூடும். வழு ஒளிந்திருந்த இடமும் சான்று எழுதப்படும் இடமும் ஒன்றே. பதிவு எழுதப்போய்த்தான் நிரல் வீழ்கிறது, வீழ்த்த முயன்று தோற்றவரின் தடமும் அப்பதிவில்தான் எஞ்சுகிறது. ஓப்பன்பிஎஸ்டி அமைப்பு இவ்வழுவிலிருந்து தப்பியதற்குக் காரணம், சமிக்ஞையின் நடுவிலும் பாதுகாப்பாக எழுதவல்ல பதிவுச் செயற்கூறு அதில் 2001 முதலே இருந்தமைதான். 9.8பி1 பதிப்பிலோ, நேரம் முடிந்த செயல்முறை தானே எதையும் எழுதாது. அது வெறுமனே முடிவடைய, அதைப் பெற்ற தாய்ச் செயல்முறை பின்னர் அமைதியாகக் குறிப்பெழுதுகிறது.

ஆயினும் அந்தத் தடம் நிலைப்பதில்லை. உபுண்டு அமைப்பில் உள்நுழைவுப் பதிவேடு, இயல்நிலையில் வாரம் ஒருமுறை சுழன்று, நான்கு பழைய கோப்புகளை மட்டுமே வைத்துக்கொள்கிறது. 180 நாள் என்னும் சட்ட வரம்பை எட்ட, யாரேனும் அவ்வமைப்புக் கோப்பைத் திறந்து எண்ணை மாற்றியிருக்க வேண்டும். மாற்றப்படாத சேவையகங்களில் 2024 ஜூலை முதல் வாரத்தின் வரிகள் ஆகஸ்டு முதற்பாதியிலேயே அழிந்திருக்கும். ஜூலை 8 அன்று அலெக்சாண்டர் பெஸ்லியாக் இதே பகுதியை மீள ஆராய்ந்து, ரெட்ஹேட் 9 வழங்கலில் இதனோடு தொடர்புடைய மற்றொரு குறையை, சி.வி.இ. 2024-6409 என்ற எண்ணில், வெளிப்படுத்தினார். அதற்கான திருத்தமும் முதல் திருத்தத்தைப் பொருத்திய அதே கைகளுக்காகக் காத்திருந்தது.